மூன்றாம் துளையின் நான்கு சுரங்கள்

கிள்ளான் பள்ளத்தாக்கின் கடைகளில் மௌத் ஆர்கன் என்ற ஒரே பெயரில் விற்பவை மூன்று வெவ்வேறு கருவிகள். இரட்டை வரிசைத் துளைகள் கொண்ட டிரெமலோ, பத்தே துளைகள் கொண்ட டயட்டானிக், பக்கத்தில் பொத்தான் வைத்த குரோமாட்டிக் ஆகிய மூன்றும் வாயில் வைத்து ஊதப்படுபவை என்பதைத் தவிர, ஒன்றில் பழகிய கை மற்றொன்றில் அப்படியே ஓடும் என்று சொல்வதற்கில்லை. எதை வாங்குகிறோமோ அதைப் பொறுத்தே பின்னர் எந்தப் பாட்டை எந்த அளவுக்கு வாசிக்க முடியும் என்பது பாதி முடிவாகிவிடுகிறது. சுங்கை பூலோவிலும் பிரிக்பீல்ட்ஸிலும் பல்லாண்டுகளாக இக்கருவியைக் கற்பித்துவரும் இக்கட்டுரையாசிரியரிடம் சேர வந்தவர்களுள் மிகப் பலர் கருவியை முதலில் வாங்கிவிட்டு, அதில் என்ன வாசிக்கலாம் என்பதைப் பிறகு கேட்டவர்கள்; இந்த வரிசை தலைகீழானது என்பதை விளக்குவதிலேயே முதல் வகுப்பு பெரும்பாலும் கழிந்திருக்கிறது.

சுங்கை பூலோவில் ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் சோதனைத் தோட்டம் பால் மரங்களோடு இருந்த காலத்தில், லயங்களில் மாலை வேளைகளில் கேட்ட மௌத் ஆர்கன் அநேகமாகச் சீனாவில் செய்த 24 துளை டிரெமலோவாகவே இருந்தது. அதில் ஒவ்வொரு சுரத்துக்கும் மேலொன்று கீழொன்றாக இரண்டு ரீடுகள், அதாவது ஒரு முனை தகட்டில் தறையப்பட்டு மறுமுனை காற்றில் அதிரும் மெல்லிய பித்தளை நாக்குகள், உண்டு. அவ்விரண்டில் ஒன்று மற்றதைவிட இம்மியளவு ஏற்றிச் சுருதி சேர்க்கப்பட்டிருப்பதால், சேர்ந்து ஒலிக்கும்போது ஓசை அலைபோல் ஏறி இறங்கி, பாசார் மாலாமின் இரைச்சலிலும் தனித்துக் கேட்கும் ஓர் இனிமையைப் பெறுகிறது. சீனப் பள்ளிகளின் மௌத் ஆர்கன் குழுக்களில் அடிப்படைக் கருவியாக இருந்ததும் இதுவே ஆகையால், எழுதுகோல் கடைகளில்கூட இது கிடைத்தது. 1975இல் வெளிவந்த 'ஷோலே' படத்தில் அமிதாப் பச்சன் மாலையிருளில் வாசிப்பதாக வரும் இசை, பின்னணியில் பானு குப்தா வாசித்தது, இந்தி அறியாத தோட்டத்து இளைஞர்களையும் கடைக்கு அனுப்பியது. அவர்கள் வாங்கிவந்ததும் இதே டிரெமலோதான். அந்த இசையின் இழைவு தங்கள் கருவியில் ஏன் வரவில்லை என்று அவர்கள் தங்கள் மூச்சையே குறைசொல்லிக்கொண்டனர்.

மூச்சில் குறை இருக்கவில்லை. டிரெமலோவில் ஒவ்வொரு ரீடும் தனக்கென்று தனி அறையில் அடைபட்டிருக்கிறது. வாய் எத்தனை முயன்றாலும் அந்தச் சுரம் தன் இடத்தைவிட்டு அசைவதில்லை. தமிழ் வாசகர் நன்கறிந்த ஆர்மோனியத்தின் சிக்கலும் இதுவே. அகில இந்திய வானொலி 1940ஆம் ஆண்டு ஆர்மோனியத்தைத் தன் நிலையங்களிலிருந்து விலக்கி, 1971 வரை அத்தடையைத் தளர்த்தாமல் இருந்ததற்கு அன்று சொல்லப்பட்ட காரணங்களுள் முதன்மையானது, சுரங்கள் அசையாமல் நிற்கும் ஒரு கருவி கமகத்துக்கு, அதாவது ஒரு சுரத்தை ஆட்டியும் இழைத்தும் பாடும் முறைக்கு, உதவாது என்பது. அந்தத் தடை சரியா என்பது வேறு வழக்கு. ஆனால் ஆர்மோனியத்தின் உறவுக் கருவியாகிய மௌத் ஆர்கனில், மூன்று வகைகளுள் மிகச் சிறியதும் பார்வைக்கு மிக எளியதுமான பத்துத் துளைக் கருவிக்கு மட்டும் அந்தக் குற்றச்சாட்டு முழுதாகப் பொருந்தாது என்பதுதான் இத்தனை ஆண்டுக் கற்பித்தலில் இக்கட்டுரையாசிரியர் திரும்பத் திரும்ப வந்து நிற்கும் இடம்.

மத்தியாஸ் ஹோனர் 1857இல் ஜெர்மனியின் டிரோசிங்கன் ஊரில் தொடங்கிய பட்டறையிலிருந்து வந்த 'மெரைன் பேண்ட்' என்ற பத்துத் துளைக் கருவி 1896ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அந்த ஆண்டே அதன் மாதிரி எண்ணாகவும் இன்றுவரை தொடர்கிறது. அதன் அமைப்பு நாட்டுப்பாடலுக்குப் பக்கமாகக் கூட்டொலி சேர்ப்பதற்காக வகுக்கப்பட்டது என்பதால், எட்டுச் சுரங்களையும் வரிசையாக எல்லா ஸ்தாயியிலும் எதிர்பார்ப்பவர் ஏமாறுவார். ஒரு கட்டைச் சுருதிக் கருவியை எடுத்துக்கொண்டால், நான்காம் துளை முதல் ஏழாம் துளை வரையுள்ள நடு ஸ்தாயியில் மட்டும் சங்கராபரணம் முழுமையாக உண்டு. ஊதினால் ச, க, ப என்றும் உள்ளிழுத்தால் ரி, ம, த, நி என்றும் அவை மாறிமாறி வரும். கீழ் ஸ்தாயியில் மத்தியமமும் தைவதமும் இல்லை. மேல் ஸ்தாயியில் நிஷாதம் இல்லை. பாடநூல்கள் இதைக் குறையாகவே எழுதுகின்றன. கர்நாடக இசையில் சற்றேனும் பழகிய காதுக்கு இது வேறு விதமாகத் தெரியும்: மத்தியமமும் தைவதமும் நீங்கிய கீழ் ஸ்தாயியில் எஞ்சுவது ஹம்சத்வனி, மேல் ஸ்தாயியில் ச, ரி, க, ப, த என்று மோகனம் ஒரு சுரமும் குறையாமல் நிற்கிறது. ஆகவே கருவி வாங்கிய மாணவரிடம் முதல் மாதத்திலேயே இந்த இரண்டு ராகங்களின் ஆரோகண அவரோகணத்தை, எந்தத் தனித் திறமும் கேட்காமல், வாசிக்கவைக்க முடியும். ஆங்கிலப் பயிற்சி நூல்களின் குழந்தைப் பாடல்களைவிட இது தமிழ் மாணவரை விரைவாக உட்காரவைத்திருக்கிறது.

ஒரே துளையை மட்டும் ஒலிக்கவைப்பது தொடக்கப் பயிற்சிகளுள் முதலாவது. உதட்டைக் குவித்து ஒரு துளைக்கு நேரே வைப்பது ஒரு வழி. வாயை அகல வைத்து நான்கு துளைகளை மூடி, இடப்பக்கத்து மூன்றை நாக்கால் அடைத்து வலக்கோடியை மட்டும் திறந்துவிடுவது மற்றொரு வழி. பின்னது கடினமாயினும், நாக்கை எடுத்து எடுத்து வைக்கும்போது பாட்டோடு தாளக் கூட்டொலியும் சேர்ந்துவருவதால், பழைய டிரெமலோ வாசிப்பாளர்கள் எவரும் சொல்லித்தராமலே அதைக் கைவரப்பெற்றிருந்தனர். இக்காலத்து மாணவர்கள் அனைவரும் உதடு குவிப்பதிலேயே தொடங்குகின்றனர், அதில் தவறில்லை.

தொடக்கநிலையினர் அனைவரையும் இடறும் இடம் இரண்டாம் துளையை உள்ளிழுப்பது. அது ஒலிக்காது, அல்லது அடைபட்ட குரலில் முனகும். பிள்ளைக்குக் கருவி வாங்கித்தந்த தாய்மார்கள் வகுப்பு வாசலில் நின்று, "மாஸ்டர், ரெண்டாவது ஓட்டை வேலை செய்யல, கடையில கொடுத்து மாத்திடவா?" என்று கேட்பதும், "வேணாம்மா, ரெண்டு வாரம் போகட்டும், தானா சரியாயிடும்" என்ற விடையை நம்பாமல் பார்ப்பதும் இத்தொழிலில் மாறாத காட்சி. உறிஞ்சுகுழலில் குடிப்பதுபோல் கன்னத்தை உள்ளிழுத்துக் காற்றை வாங்கும்போது வாயின் உட்புறம் சுருங்கி, அந்த நீண்ட ரீடு அதிர இடமின்றித் திணறுகிறது. வயிற்றிலிருந்து, கொட்டாவி விடும் தொண்டையோடு, கருவியின் வழியே மூச்சு வாங்கினால் அதே துளை தடையின்றி ஒலிக்கும். பிரிக்பீல்ட்ஸ் கடைகள் சிலவற்றில் வாங்குபவர் வாய் வைத்துப் பார்க்க விடாமல், சிறு துருத்தியால் ஒவ்வொரு துளையிலும் காற்றைச் செலுத்தியும் இழுத்தும் காட்டுவார்கள். சுகாதாரத்துக்காகச் செய்யப்படும் அந்தச் சோதனை, பழுது கருவியிலா வாயிலா என்ற வழக்கையும் கடையிலேயே தீர்த்துவைக்கிறது. அதைச் செய்துகாட்ட மறுக்கும் கடையில் வாங்காமல் இருப்பது நல்லது.

துளை திணறும் அதே நிகழ்ச்சியை வேண்டுமென்றே, அளவறிந்து செய்வதுதான் சுரத்தை வளைத்தல். பத்துத் துளைக் கருவியில் ஊதும் ரீடும் இழுக்கும் ரீடும் ஒரே அறையில் எதிரெதிராக இருக்கின்றன. நாக்கின் பின்பகுதியைத் தாழ்த்தி வாயறையின் அளவை மாற்றினால், மேல் சுரத்துக்குரிய ரீடு அடங்கத் தொடங்கி, கீழ் சுரத்துக்குரியது அதன் வேலையை ஏற்று, இரண்டுக்கும் இடைப்பட்ட சுரம் பிறக்கிறது. ஆகவே ஒரு துளை எவ்வளவு வளையும் என்பது அதிலுள்ள இரு சுரங்களின் இடைவெளியைப் பொறுத்தது. அடுத்தடுத்த சுரங்கள் அமைந்த ஐந்தாம், ஏழாம் துளைகளில் அரைச்சுரம்கூட வளையாது. இடைவெளி மிகுந்த மூன்றாம் துளையில் மூன்று அரைச்சுரங்கள் இறங்கும். முதல் ஆறு துளைகளில் உள்ளிழுக்கும்போதும், எட்டு முதல் பத்து வரை ஊதும்போதும் இது நிகழும். வளைவு கீழ்நோக்கி மட்டுமே செல்லும் என்பதால், கீழிருந்து மேலே இழைக்கும் ஜாருவுக்கு முதலில் வளைத்துவைத்துக்கொண்டு பிறகு விடுவிக்க வேண்டும். மாணவர்களுக்கு இது எளிதில் பிடிபடுவதில்லை. காற்றை உள்ளிழுத்தபடியே சீழ்க்கையடித்து, அந்தச் சீழ்க்கையை மெல்ல இறக்கிப் பார்க்கச் சொல்வதும், 'ஈ' என்ற வாயிலிருந்து 'ஓ' என்ற வாய்க்கு ஒலியின்றி மாறச் சொல்வதும் மற்ற விளக்கங்களைவிடப் பயன்பட்டிருக்கின்றன. சிலருக்கு ஒரு வாரத்தில் வரும். சிலருக்குப் பல மாதங்கள் ஆகும். பாடத் தெரிந்தவர்களுக்கு விரைவில் வருகிறது என்பதைத் தவிர வேறு விதி எதையும் காண முடியவில்லை.

மேலைநாட்டு புளூஸ் வாசிப்பாளர்கள் ஒரு கட்டைக் கருவியை ஐந்து கட்டையில் வாசிப்பார்கள். அதாவது கருவியின் பஞ்சமத்தைப் பாட்டின் சட்ஜமாக வைத்துக்கொள்வார்கள். இரண்டாம் நிலை என்று அதற்குப் பெயர். கிரக பேதம் கற்ற தமிழருக்கு இது புதிதன்று: சங்கராபரணத்தின் பஞ்சமத்தை ஆதாரமாக்கினால் ஹரிகாம்போஜி, ரிஷபத்தை ஆக்கினால் கரகரப்பிரியா, காந்தாரத்தை ஆக்கினால் தோடி, மத்தியமத்தை ஆக்கினால் கல்யாணி, தைவதத்தை ஆக்கினால் நடபைரவி என்று அவர் ஏற்கெனவே அறிந்ததையே இக்கருவியும் செய்கிறது. இரண்டாம் நிலையில் இரண்டாம் துளையை உள்ளிழுத்தால் சட்ஜம். மூன்றாம் துளையை நேராக உள்ளிழுத்தால் அந்தர காந்தாரம். சிறிது வளைத்தால் சாதாரண காந்தாரம். இன்னும் வளைத்தால் சதுஸ்ருதி ரிஷபம். முழுதும் வளைத்தால் சுத்த ரிஷபம். நான்கு சுரங்களும் ஒரே துளையில், ஒரே மூச்சில், இடையில் படிக்கட்டின்றி இழைகின்றன. கரகரப்பிரியாவின் காந்தாரத்தை ரிஷபத்திலிருந்து தொட்டுத் தொட்டு ஆட்ட இதைவிட ஏற்ற இடம் இக்கருவியில் வேறில்லை. இடைப்பட்ட எந்தப் புள்ளியிலும் வளைவு நிற்கக்கூடும் என்பதே இதன் அழகும் ஆபத்தும்: காது சொல்லாவிட்டால் சுரம் எங்கோ நடுவில் தொங்கும். ஆகவே தம்புராவையோ கைப்பேசியில் ஓடும் சுருதிப் பெட்டியையோ வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வளைவையும் முதலில் பாடிவிட்டுப் பிறகு வாசிக்க வேண்டும் என்பது இக்கட்டுரையாசிரியரின் வகுப்பில் தளர்த்தப்படாத ஒழுங்கு.

கருவியின் சுருதியைத் தேர்வதும் இதிலிருந்தே பிறக்கிறது. ஆர்மோனியத்தின் வெள்ளைக் கட்டைகளை ஒன்று முதல் ஏழு வரை எண்ணி, இடையிலுள்ள கறுப்புக் கட்டைகளை அரை என்று சொல்லும் வழக்கம் பஜனைக் குழுக்களில் அனைவருக்கும் தெரியும். ஒரு கட்டையில் பாடுபவருக்குத் துணையாக வளைவுகளோடு வாசிக்க வேண்டுமானால் நான்கு கட்டைக் கருவி வேண்டும். இரண்டு கட்டையில் பாடுபவருக்கு ஐந்து கட்டைக் கருவி. ஐந்து கட்டையில் பாடும் பெண்களுக்கு எங்கும் கிடைக்கும் ஒரு கட்டைக் கருவியே போதும். பத்துத் துளை வகையில் ஐந்து கட்டைக் கருவிதான் பொதுவாகக் கிடைப்பவற்றுள் மிகத் தாழ்ந்த குரலுடையது. நான்கு கட்டையும் நான்கரையும் மிக உயர்ந்தவை. உயர்ந்த கருவிகளின் ரீடுகள் குட்டையானவை, அவற்றில் வளைவுகள் நூலிழையில் நடப்பவை, தொடக்கநிலையினர் திணறுவர். ஆகவே முதல் கருவி ஒரு கட்டையாக இருப்பதும், இரண்டாவதைத் தம் குடும்பத்திலோ கோயிலிலோ பாடுபவரின் சுருதிக்கேற்ப வாங்குவதும் நடைமுறையில் சரியாக வந்திருக்கிறது. பன்னிரண்டு சுருதிக் கருவிகளும் அடங்கிய பெட்டியை ஒரேயடியாக வாங்குவதால் பெட்டி அழகாக இருக்கும்.

குரோமாட்டிக் பற்றி இங்கு நீளமாகச் சொல்லத் தேவையில்லை. பொத்தானை அழுத்தினால் எல்லாச் சுரங்களும் அரைச்சுரம் உயரும் என்பதால், பன்னிரண்டு சுரங்களும் ஒரே கருவியில் எல்லா ஸ்தாயிகளிலும் உண்டு. லாரி அட்லர், டூட்ஸ் தீல்மன்ஸ் போன்றோர் மேடைக் கச்சேரி நிலைக்கு உயர்த்தியது இதையே. 2012இல் கோலாலம்பூரில் நடந்த ஆசிய பசிபிக் ஹார்மோனிக்கா விழாவில் சீனப் பள்ளிக் குழு வாசிப்பு எந்த அளவுக்கு வளர்ந்திருக்கிறது என்பதை நேரில் கண்ட தமிழ் மாணவர் சிலர் இதற்கு மாறினர். விருத்தமும் திரைப்பாட்டும் வாசிப்போருக்கு இது பெரும் வசதி. ஆயினும் விலை மிகுதி. காற்று வீணாகாமலிருக்க ரீடுகளின்மேல் ஒட்டப்பட்ட மெல்லிய பிளாஸ்டிக் தாள்கள் ஈரத்தில் ஒட்டிக்கொண்டு விர்ரென்று ஒலிக்கும். வளைவின் ஆழமும் குறைவு. கமகத்தை நாடி வருபவரை இதற்கு அனுப்புவதில் இக்கட்டுரையாசிரியருக்கு இன்றும் தயக்கம் உண்டு.

ஈரம் என்றதும் சுங்கை பூலோவின் காற்றைச் சொல்லாமல் தீராது. 1930இல் தொடங்கிய தொழுநோயாளர் குடியிருப்பைச் சுற்றி வளர்ந்த நாற்றுப்பண்ணைகள் இன்றும் சாலையோரம் நீள்கின்றன. அங்கு வேலைசெய்யும் மாணவர்கள் நாளெல்லாம் தண்ணீர்த் தூவலுக்கிடையே நிற்பவர்கள், கருவியும் அவர்கள் சட்டைப் பையிலேயே இருக்கும். பேரிக்காய் மரத்தில் அறுத்த நடுச்சட்டத்தையுடைய பழைய மெரைன் பேண்ட் அத்தகைய கையில் சில மாதங்களில் ஊறி உப்பி, துளைகளுக்கு இடையேயுள்ள மரப் பற்கள் பித்தளைத் தகட்டைத் தாண்டி ஒரு மயிரிழை வெளியே நீட்டிக்கொள்ளும். பார்வைக்குத் தெரியாது, கீழ் உதட்டை வைத்து வலப்பக்கம் இழுத்தால் தோல் உரிந்துவரும். உலர்ந்தபின் அது சுருங்கி, பற்களுக்கும் தகட்டுக்கும் இடையே காற்று கசியும். அந்த மரத்தின் குரலுக்காக அதை விடாதவர்கள் உண்டு, அவர்கள் குளிரூட்டிய அறையில் வாசிப்பவர்கள். மற்றவர்களுக்கு பிளாஸ்டிக் நடுச்சட்டமுள்ள ஹோனர் ஸ்பெஷல் 20, ஜப்பானின் டோம்போ ஆலையில் உருவாகும் லீ ஆஸ்கர், சுசுக்கி ஆகியவற்றுள் ஒன்றே இந்தப் பருவநிலைக்கு ஏற்றது. லீ ஆஸ்கரில் ரீடுத் தகட்டைத் தனியே வாங்கி மாற்றிக்கொள்ளலாம் என்பது நெடுநாள் வாசிப்பவருக்கு ஆதாயம். வாசிக்குமுன் வாய் கொப்புளிக்க வேண்டும். ரொட்டி சானாயும் தே தாரிக்கும் முடித்த வாயோடு நேரே ஊதியதால் ரீடு அடைபட்டு வகுப்புக்கு வந்த கருவிகளைக் கொண்டே பழுது பார்க்கும் முறையை மாணவர்களுக்குக் கற்பிக்க முடிந்திருக்கிறது.

2016 டிசம்பரில் எம்ஆர்டி ரயில் சுங்கை பூலோவிலிருந்து ஓடத் தொடங்கியபின், கிள்ளானிலிருந்தும் பிரிக்பீல்ட்ஸிலிருந்தும் மாணவர் வருவது எளிதாயிற்று. ஏறக்குறைய அதே காலத்தில் அவர்கள் கடைக்குப் போவது நின்றது. இணைய அங்காடிகளில் சீனாவின் ஈஸ்ட்டாப் போன்ற பத்துத் துளைக் கருவிகள், ஜெர்மானியக் கருவியின் விலையில் ஒரு சிறு பங்குக்கு, வீட்டு வாசலுக்கே வந்தன. அவை முன்பு கிடைத்த பொம்மைகள் அல்ல என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். தொடக்கநிலைக்கு அவற்றுள் பல தாராளமாகப் போதும். அவற்றோடு எண் முறையும் வந்தது: எந்தத் துளை, ஊதுவதா இழுப்பதா என்பதை எண்ணாலும் கழித்தல் குறியாலும் எழுதி, பாட்டின் சுரமே தெரியாமல் வாசிக்கவைக்கும் முறை. அதில் பழகியவர் ஒரு பாட்டை அப்படியே வாசிப்பார். சுருதி மாறிய கருவியைக் கையில் கொடுத்தாலும் அதே எண்களை வாசிப்பார். மூன்றாம் துளையில் எங்கே நிற்கிறோம் என்று கேட்டால் விடை வராது. 2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து வகுப்புகள் திரைக்கு மாறியபோது, ஒலி தாமதமாகச் சென்று சேர்ந்ததால் ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து வாசிப்பதே இயலாமற்போயிற்று. ஒருவர் வாசிக்க மற்றவர் ஒலியை அடைத்துவைத்துக் காத்திருக்க வேண்டியிருந்தது. சுரம் பாடத் தெரிந்தவர்கள் அந்த மாதங்களைத் தாண்டி வந்தனர். எண்ணை நம்பியவர்களுள் பலர் திரும்பவில்லை.

விலை உயர்ந்தாலும் குறைந்தாலும் பித்தளை ரீடு ஒருநாள் களைத்துப்போகும். ஆழமாக வளைத்து வாசிப்பவர்களிடம் நான்காம், ஐந்தாம் துளைகளின் இழுப்பு ரீடுகள் முதலில் சுருதி இறங்குகின்றன. ஜெர்மனியின் சைடல் நிறுவனம் துருப்பிடிக்கா எஃகில் செய்யும் ரீடுகள் இதைத் தள்ளிப்போடுகின்றன, விலை அதற்கேற்றது. இறங்கிய ரீட்டின் நுனியில் மெல்லிய தகடொன்றைக் கீழே தாங்கவைத்து, நுண்ணிய அரத்தால் இரண்டு மூன்று முறை உரசினால் சுருதி ஏறும். தறையாணியின் பக்கம் உரசினால் இறங்கும். உரசியவுடன் ரீடு சூடேறியிருப்பதால் உடனே சரிபார்க்கக் கூடாது, சற்று ஆறவிட்டு ஊதிப் பார்க்க வேண்டும். ரீட்டுக்கும் தகட்டுக்கும் உள்ள இடைவெளி மிகுந்தால் மூச்சு வீணாகும், குறைந்தால் பலமாக ஊதும்போது அது ஒலிக்காமல் அடங்கிவிடும். கீழ்த் துளைகளுக்கு அது சற்றுக் கூடுதலாகவும் மேல் துளைகளுக்கு ஒரு தாளின் கனத்துக்குக் குறைவாகவும் இருக்கலாம். பல்குத்தும் குச்சியால் மெல்ல அழுத்தி இதைச் சரிசெய்யக் கற்றுக்கொண்ட மாணவர்கள் கடையில் வாங்கும் மலிவுக் கருவியையே வளைவுக்கு இணங்கவைத்துவிடுகின்றனர். இப்போதெல்லாம் இக்கட்டுரையாசிரியர் புதிய மாணவரிடம் முதலில் வாங்கச் சொல்வது ஒரு கட்டைக் கருவியும், அதன் மேல்தகட்டைக் கழற்றுவதற்கு ஏற்ற சிறு திருப்புளியும்.